முழங்கையால் திறக்கும் குழாய்

குளிர்நாட்டில் இருந்த காலமெல்லாம் பச்சைத் தண்ணீரில் குளித்த ஒரு மனிதர், வெயில்நாட்டுக்கு வந்தபிறகு வெந்நீருக்காக இத்தனை பாடுபட்டது எதற்கு? மாயாண்டியை நினைக்கும்போது எனக்கு முதலில் எழுவது இந்தக் கேள்விதான். அன்பினால் என்று உடனே சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னவர்கள் ஸ்கந்தபுரத்தில் பலர் இருந்தார்கள். நான் அந்தச் சொல்லை அவ்வளவு சுலபமாக எடுப்பதில்லை. அப்படி ஒரு பெயரை வைத்துவிட்டால் அதற்குப்பிறகு அந்த ஆளை நாம் பார்ப்பதில்லை.

அவர் மலைநாட்டில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கூலிகளின் வரிசை வீடான லயத்தின் காம்பராவில் பிறந்தவர். பதினாறு வயதில் துரையின் பங்களாவுக்கு வேலைக்குப் போனார். குளியலறைச் சுவருக்கு வெளிப்புறத்தில் செங்கல் அடுப்பு ஒன்று இருந்தது. அடுப்புக்குள் செம்புக் குழாய் பாம்புபோல் சுருண்டு கிடக்கும். மேலே இரும்புத் தொட்டி. அடுப்பை எரித்தால் சுருளுக்குள் இருக்கும் தண்ணீர் சூடாகித் தானே மேலே ஏறித் தொட்டிக்குள் போகும். தொட்டியின் அடியில் கிடக்கும் குளிர்தண்ணீர் சுருளுக்குள் இறங்கும். அதற்குப் பெயர் பொயிலர். விடிய நாலு மணிக்கு அதை மூட்டுவதும் பின்னேரம் மறுபடி மூட்டுவதும் மாயாண்டியின் வேலை. பத்தொன்பது வருடம் அதைச் செய்தார். அவர் குளித்தது லயத்துப் பீலியில், மலையிலிருந்து விழும் பனிபோன்ற தண்ணீரில்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் லயம் எரிந்தது. மாயாண்டியும் மனைவி அமராவதியும் லொறியொன்றில் ஏறி வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து கிளிநொச்சிக்கு வெளியே காடு வெட்டிக் குடியேறியவர்களோடு சேர்ந்தார்கள். அரை ஏக்கர் நிலம், ஒரு கொட்டில். பிள்ளைகள் இல்லை. இருவரும் பிறருடைய வயல்களில் கூலிக்குப் போனார்கள். அந்த வெயிலில் வெந்நீரைப் பற்றி யாருக்கும் நினைவே வராது. அவரும் மறந்துவிட்டிருந்தார்.

தொண்ணூற்றோராம் ஆண்டு மாரியில் அமராவதியின் கைகள் மடங்கத் தொடங்கின. மலையில் இருபது வருடம் மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்த கைகள். பிறகு பதினான்கு வருடம் சேற்றில் நாற்று நட்ட கைகள். காலையில் எழும்பினால் பத்து விரலும் உள்ளங்கைக்குள் இறுகிக் கிடக்கும். பத்து மணிக்குமேல்தான் மெதுவாக விடும். அதுவரை கஞ்சிக் கோப்பையைப் பிடிக்க முடியாது, அகப்பையைப் பிடிக்க முடியாது, தலைமுடியைக்கூட முடிய முடியாது. வேறு எல்லாவற்றையும் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒன்றுதான்.

“கஞ்சிய ஊட்டி விடுறாருங்க,” என்று பின்னாளில் அயலவராக வந்த எங்களிடம், வேலிக்கு அந்தப்பக்கம் நின்று சொல்லியிருக்கிறார். “வாயத் தொடச்சும் விடுறாரு. நான் என்னா பால்குடிப் புள்ளையா? செத்தாக்கூட எங்கையால தின்னுட்டுத்தான் சாகணும்.”

கிளினிக்கில் இருந்த டொக்டர், விடிய எழும்பியதும் அரை மணித்தியாலம் கையைச் சுடுதண்ணீருக்குள் வைத்திருக்கச் சொன்னார். குளிசையும் எழுதிக் கொடுத்தார். போர்த் தடையால் குளிசை வன்னிக்குள் வருவது எப்போதாவதுதான். சுடுதண்ணீருக்கு யாரும் தடை போடவில்லை.

ஆனால் அதுவும் அவ்வளவு சுலபமாக இல்லை. மாயாண்டி ஐந்தரைக்கே வயலுக்குப் புறப்பட வேண்டும். அமராவதி எழும்புவது ஏழு மணிக்கு. வலியில் இரவு முழுவதும் விழித்திருந்து விடியும்போதுதான் அவருக்கு நித்திரை வரும். அடுப்பில் வைத்துவிட்டுப் போகும் பானை அதற்குள் ஆறிவிடும். ஆறாவிட்டாலும், பானையைத் தூக்கி ஊற்ற அதே கைகள் வேண்டும். ஒருநாள் அமராவதி இரண்டு முழங்கைகளாலும் பானையை அணைத்து இழுத்தார். பானை காலில் கவிழ்ந்தது.

அன்று பின்னேரம் மாயாண்டி கொப்புளங்களைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “பொயிலர் கட்டணும்.”

“பைத்தியமா ஒங்களுக்கு? ஊரே பங்கர் வெட்டுது. இவரு பொயிலர் கட்டுறாராம்.”

“பங்கரும் வெட்டுறேன்.”

“மொதல்ல அத வெட்டுங்க.”

அவர் முதலில் பொயிலரைத்தான் கட்டினார்.

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் சின்னராசா என்பவர் பழைய இரும்பு வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். பருத்த மனிதர். வாயும் பெரிது. அவருடைய வளவுக்குள் மூன்று வகை இரும்புப் பீப்பாய்கள், பரல்கள் என்பார்கள், கிடந்தன. மாயாண்டி ஒவ்வொன்றாகக் குனிந்து மணந்து பார்த்தார்.

“என்ன மாயாண்டி, பரலுக்குள்ள தலையை விட்டுக்கொண்டு நிக்கிறாய்? பொம்பிளை பாக்க வந்த மாதிரியெல்லோ கிடக்கு.”

“இது பூச்சிமருந்து வந்த பரலுங்க. வேணாம். எத்தனை தரம் கழுவினாலும் தண்ணியில வந்துரும்.”

“அப்ப தார் பரலை எடு. உள்ளுக்கு நெருப்பு வைச்சா தார் எல்லாம் போயிடும்.”

“மணம் போகாதுங்க.”

“மணம் போகாதோ! ஆருக்கு ஐயா தண்ணி சுட வைக்கிறாய், துரைக்கோ?”

மாயாண்டி மூன்றாவதைத் தட்டிப் பார்த்தார். தேங்காயெண்ணெய் வந்த பரல். அடியில் துரு இல்லை. அதை ஒருபக்கம் உருட்டி வைத்தார். பிறகு உடைந்த அரிசி ஆலையொன்றிலிருந்து வந்த செம்புக் குழாயைக் கண்டார். பன்னிரண்டு அடி இருந்தது. கடைசியாகத் தண்ணீர் திறக்கும் குழாய்க்கு ஒரு மணித்தியாலம் தேடினார். சின்னராசா எடுத்துக் கொடுத்ததெல்லாம் திருகித் திறப்பவை. அவர் அவற்றைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

“உதுக்கென்ன குறை? புதுசு மாதிரிக் கிடக்கு.”

“திருக விரல் வேணுங்க.”

சின்னராசா அதற்குப்பிறகு பகிடி விடவில்லை. தானே குவியலுக்குள் இறங்கி, கால் சுற்றில் திறக்கிற பித்தளைக் குழாய் ஒன்றைக் கண்டெடுத்தார். அதன் பிடி கட்டைவிரல் அளவே இருந்தது. மாயாண்டி அதை வீட்டுக்குக் கொண்டுபோய், பிடியோடு இரும்புக் கரண்டியின் காம்பொன்றைச் சேர்த்து முறுக்கி நீட்டினார். முழங்கையால் தட்டினால் திறக்கும். மறுபடி தட்டினால் பூட்டும். மூன்று சாமானுக்கும் பதிலாகச் சின்னராசாவின் வளவுக்கு வேலி அடைத்துக் கொடுத்தார்.

பொயிலர் வேலை செய்தது. ஐந்து மணிக்கு மூட்டிவிட்டு, இரண்டு பெரிய பாலைக் கட்டைகளைச் செருகி, காற்றுவாயைப் பாதி அடைத்துவிட்டுப் போவார். ஏழு மணிக்கு அமராவதி எழும்பி வந்து முழங்கையால் தட்டினால் ஆவி பறக்கும் தண்ணீர் பேசினுக்குள் விழும். பக்கத்தில் கிண்ணத்தில் வைத்த பச்சைத் தண்ணீரை முழங்கையால் கவிழ்த்துக் கலந்து கையை வைப்பார். அரை மணித்தியாலத்தில் விரல்கள் பிரியும். முதல்நாள் மத்தியானம் மாயாண்டி திரும்பி வந்தபோது கஞ்சி குடித்த கோப்பை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. எனக்கு இதைச் சொன்னபோது அவர் மனைவியின் முகம் எப்படி இருந்தது என்று சொல்லவில்லை. கோப்பையைப் பற்றித்தான் சொன்னார்.

நாலு மாதம் அப்படிப் போனது. ஐந்தாம் மாதம் விறகு கூடுதலாகத் தேவைப்பட்டது. தண்ணீர் இளஞ்சூட்டிலேயே நின்றது. சுருளுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம் கேட்டது. அவர் விறகைக் குற்றம் சொன்னார். மழையில் நனைந்த விறகு என்றார். காற்றுவாயை அகட்டிக் கட்டினார். இன்னும் எரித்தார். ஒருநாள் காலை, அவர் குனிந்து ஊதிக்கொண்டிருந்தபோது சுருளின் பொருத்து வெடித்தது. ஆவியும் கொதிநீரும் இடது தோளில் அடித்தன. அடுப்பு அணைந்தது. அமராவதி ஓடிவந்தார், மடங்கிய கைகளால் அவரைப் பிடிக்கவும் முடியவில்லை.

தோள் ஆறுவதற்கு முன்னரே அவர் சுருளைக் கழற்றி வெட்டிப் பார்த்தார். உள்ளே துவாரம் இல்லை. குழாய் முழுவதும் வெள்ளைக் கல். சுண்ணாம்புபோல, ஆனால் நகத்தால் சுரண்ட முடியாத கல். அவர் அதைப் பார்த்து நம்பவில்லை. பத்தொன்பது வருடம் பங்களாவில் ஒரே சுருள். ஒருநாளும் அடைத்ததில்லை. யாரோ உள்ளே சீமெந்து ஊற்றிவிட்டார்கள் என்றுகூட நினைத்தாராம்.

சின்னராசாதான் சிரித்துக்கொண்டு விளக்கினார். “உங்கட மலையில வாறது மழைத்தண்ணி. இது வன்னிக் கிணறு, ஐயா. தண்ணிக்குள்ளயே கல்லுக் கிடக்கு. காய்ச்சக் காய்ச்சப் படியும். கேத்திலுக்குள்ள ஒருநாளும் எட்டிப் பாக்கேல்லையோ?”

மாயாண்டி வீட்டுக்கு வந்து கேத்திலின் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே வெள்ளையாக ஒரு விரல் தடிப்பில் இருந்தது.

“இது எப்ப இருந்து இருக்கு?”

“நாம வந்த காலத்துல இருந்து,” என்றார் அமராவதி. “புளி போட்டுக் கொதிக்க வச்சா கழண்டு வரும். கை நல்லா இருந்தப்ப மாசா மாசம் கழுவுவேன்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“கேட்டீங்களா? பொயிலரப் பத்தி ஒங்களுக்குத் தெரியாதது என்னா இருக்குன்னு நெனச்சேன்.”

நான் அவரை மெச்சத் தயங்குவதற்கு இது ஒரு காரணம். தேநீர் குடித்துக்கொண்டே பதினான்கு வருடம் அந்தக் கேத்திலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார். வேலையைக் கற்ற இடத்தின் தண்ணீரையும் சேர்த்துத்தான் கற்றிருக்கிறோம் என்பது நம்மில் பலருக்கு இடம் மாறும்வரை தெரிவதில்லை. அவருக்கு அது தோளில் எழுதப்பட்டது. ஆனால் தெரிந்தபிறகும் அவர் மனைவியிடம் அதிகம் கேட்கப் பழகவில்லை. தண்ணீரைப் பற்றித்தான் எல்லோரிடமும் கேட்கத் தொடங்கினார்.

வெட்டிய துண்டுகளை விட்டுவிட்டு மிஞ்சிய எட்டடியைப் புளித்தண்ணீரில் கொதிக்கவைத்துக் கல்லைக் கழற்றி, சுருட்டிப் பழையபடி பூட்டினார். கிணற்றுத் தண்ணீரை நிறுத்தினார். முக்கால் மைலுக்கு அப்பால் ஓடிய வாய்க்காலிலிருந்து கான்களில் நிரப்பிச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். வாய்க்கால் தண்ணீரில் கல் குறைவு, சேறு அதிகம். தேத்தாங்கொட்டையைத் தேய்த்துக் கலக்கி வைத்தால் இரவில் சேறு அடியில் இறங்கிவிடும். தெளிந்ததைச் சேலைத் துண்டால் வடித்துப் பரலுக்கு விடுவார். மாதத்துக்கு ஒருமுறை சுருளைக் கழற்றிப் புளித்தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைப்பார். ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயின. கூலி வேலை ஆறு நாள், பொயிலர் ஏழு நாள்.

அமராவதிக்கு இதில் ஒரு குறை இருந்தது. “விடியக்காலையில வேலைக்குப் போனவரு மத்தியானம் வந்தா, கை எப்பிடி இருக்குன்னு கேக்கமாட்டாரு. தண்ணி சூடா வந்துச்சான்னு கேப்பாரு. இல்லைன்னு சொல்லிட்டா அன்னிக்கு சாப்பாடு எறங்காது மனுசனுக்கு.” இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஒருவருக்காக ஒரு சாதனத்தைக் காக்கத் தொடங்குகிறோம். எந்த நாளிலிருந்து சாதனத்தைக் காப்பதே வேலையாகிவிடுகிறது என்பது செய்கிறவருக்குத் தெரியாது. மாயாண்டிக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குச் சொல்ல முடியவில்லை.

தொண்ணூற்றாறு செப்டெம்பரில் இராணுவம் நெருங்கியபோது கிளிநொச்சி முழுவதும் இடம்பெயர்ந்தது. எல்லோரும் ஸ்கந்தபுரம் பக்கம் நடந்தோம். மாயாண்டி அமராவதியைச் சைக்கிள் கரியரில் இருத்தினார். கையால் பிடிக்க முடியாது என்பதால் சீற்றோடு சேர்த்துச் சேலையால் கட்டியிருந்தார். பரலைக் கொண்டுவர முடியவில்லை. சுருளையும் குழாயையும் கழற்றி ஹாண்டிலில் தொங்கவிட்டிருந்தார். அரிசிப் பையைவிட அது பெரிதாகத் தெரிந்தது. முன்னால் போன வண்டிலில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்துக் கத்தினார்:

“அண்ணை, வீடு வாசலை விட்டுட்டுக் கசிப்பு காய்ச்சிற சாமானையோ காவிக்கொண்டு வாறியள்?”

அந்தத் தெருவில் அன்று சிரித்தவர்கள் குறைவு. இதற்குச் சிரித்தார்கள்; கசிப்பு என்ற கள்ளச்சாராயம் வடிக்கும் சுருளும் அப்படித்தான் இருக்கும். அமராவதியும் சிரித்தார். மாயாண்டிக்கு விளங்கவில்லை.

ஸ்கந்தபுரத்தில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே காணியில் இடம் கிடைத்தது. நடுவில் கிடுகு வேலி. அவர்களுக்கு மறுபக்கத்தில் விமலேஸ்வரி இருந்தார். கருங்காலிக் கட்டையைப்போல இறுகிய பெண். கணவர் கசிப்புக் குடித்தே செத்தவர். ஸ்கந்தபுரத்தில் கிடைத்தது ஒரேயொரு பரல்தான், அதுவும் தார் பரல். மாயாண்டி மூன்று நாள் அதற்குள் நெருப்பெரித்தார். பிறகு அடுப்புக் கட்டிச் சுருளைப் பூட்டினார். விடிய ஐந்து மணிக்குப் புகை எழும்பியது.

பத்தாம் நாள் காலை, அங்கே ஆட்சி நடத்திய இயக்கத்தின் காவல்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் இளைஞர்கள். கசிப்பு அப்போது கடுமையாகத் தடுக்கப்பட்டிருந்தது.

“ஐயா, என்ன காய்ச்சிறியள்?”

“சுடுதண்ணி.”

“உந்தச் சுருளுக்குள்ளாலயோ?”

“ஆமாங்க. பொயிலர்.”

“பொயிலரோ?” மூத்தவர் மற்றவரைப் பார்த்தார். “இந்த வெயிலுக்க ஆர் ஐயா சுடுதண்ணியில குளிக்கிறது?”

“யாரும் குளிக்கிறதில்லைங்க.”

அந்தப் பதில் அவருக்கு உதவவில்லை. இளையவர் குழாயைத் திறந்து சிரட்டையில் பிடித்து, ஊதி மணந்தார். ஒரு வாய் குடித்துத் துப்பினார்.

“தார் மணக்குது அண்ணை.”

“ரெண்டு மாசம் போனா மணம் போயிரும்,” என்றார் மாயாண்டி. அவருக்கு அதுதான் வெட்கமாக இருந்தது.

அந்த நேரத்தில் அமராவதி கொட்டிலிலிருந்து வந்தார். அவர்களைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. முழங்கையால் குழாயைத் தட்டினார், பேசின் நிறைந்தது, மறுபடி தட்டினார். பலகையில் உட்கார்ந்து, மடங்கிய இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் வைத்தார். காவல்காரர்கள் நின்றார்கள். யாரும் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அரை மணித்தியாலம் சென்றிருக்கும். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அமராவதி கையை வெளியே எடுத்து, முந்தானையில் துடைத்து, பக்கத்தில் இருந்த கஞ்சிக் கோப்பையை எடுத்தார்.

“தம்பிமாரு குடிக்கிறீங்களா?”

“வேண்டாம் அம்மா. நீங்கள் குடியுங்கோ,” என்றார் மூத்தவர். போகும்போது மாயாண்டியிடம் மெதுவாகச் சொன்னார்: “ஐயா, உந்தச் சுருளை மண் பூசி மறைச்சுவிடுங்கோ. பாக்கிறவைக்குப் பிழையாத் தெரியும்.”

“மறைச்சுட்டா கழுவ ஏலாதுங்க.”

முறைப்பாடு கொடுத்தவர் விமலேஸ்வரி. அன்று பின்னேரமே வேலியால் வந்து அவரே ஒப்புக்கொண்டார். “புகையைக் கண்டவுடன எனக்கு அந்தாளின்ர ஞாபகம் வந்திட்டுது அக்கா. பொறுக்கேலாமப் போச்சு. குறை நினையாதேங்கோ.” அமராவதி குறை நினைக்கவில்லை. அதற்குப்பிறகு விமலேஸ்வரி தினமும் காலையில் வந்து அமராவதியின் தலையை வாரி முடிந்துவிடத் தொடங்கினார். கை விரிந்தாலும் கொண்டை போடும் அளவுக்கு அது விரியவில்லை.

அடுத்த நாலு வருடமும் ஒரே மாதிரித்தான் போயின. அதனால் அவற்றைப் பற்றி எழுத அதிகம் இல்லை, அவற்றை வாழ்ந்தவர்களுக்குத்தான் அவை அதிகமாக இருந்தன. மாரியில் வாய்க்கால் ஓடியது. கோடையில் வற்றியது. வற்றிய மாதங்களில் கிணற்றுத் தண்ணீர்தான். அப்போது மாதத்துக்கு ஒருமுறை போதாது, கிழமைக்கு ஒருமுறை புளி ஊற்ற வேண்டும். அந்த நாட்களில் மாயாண்டியின் கைகளும் வெளிறிப் புளிமணத்தோடே இருக்கும். மலேரியா வந்து நடுங்கிக்கொண்டு கிடந்த நாட்களிலும் ஐந்து மணிக்கு எழும்பிவிடுவார். ஒருமுறை அமராவதி அவரையே அந்தத் தண்ணீரில் மேல் கழுவச் சொன்னார். “பேசின்ல மிச்சம் இருக்கு, ஊத்திக்குங்க.” அவர் கிணற்றடிக்குப் போய்ப் பச்சைத் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டு வந்தார்.

புளி கல்லை மட்டும் தின்னவில்லை. செம்பையும் தின்றது. இரண்டாயிரமாம் ஆண்டில் சுருள் பல இடங்களில் தகடுபோல மெலிந்துவிட்டது. ஊசித் துளை விழும். அவர் ஈயம் வைத்து அடைப்பார். அடுத்த மாதம் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று விழும். புதிய செம்புக் குழாய்க்கு விசுவமடுவரை போய்த் தேடினார். சின்னராசா அங்கேதான் இடம்பெயர்ந்து இருந்தார். அவரிடம் இப்போது விற்க எதுவும் இல்லை.

“செம்போ? செம்புக் கம்பி ஒரு முழம் வன்னிக்க இல்லை மாயாண்டி. இருந்தா நான் ஏன் இஞ்ச வெங்காயம் வித்துக்கொண்டிருக்கிறன்?”

“எவ்வளவு காலம் தாங்கும்னு நெனக்கிறீங்க?”

சின்னராசா அவர் கொண்டுவந்த சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “உதுவோ? ஒரு மாரி. கூடினா.”

மாயாண்டி திரும்பி வந்து இதை அமராவதியிடம் சொல்லவில்லை. எங்களிடம்தான் சொன்னார். சொல்லிவிட்டு, பரலின் அடியை நேரே நெருப்பில் வைத்தால் எத்தனை மாதத்தில் ஓட்டை விழும், எவ்வளவு விறகு வேண்டும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தெட்டு. தோள் மழைக்காலத்தில் வலிக்கும். விறகுக்காகக் காட்டுக்குள் முன்புபோலத் தூரம் போக முடியவில்லை. போகிற இடமெல்லாம் கண்ணிவெடிப் பயமும் இருந்தது.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு தொடக்கத்தில் அட்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அமராவதியின் தங்கை மகன் சிவராசா எழுதியிருந்தார். தோட்டத்தில் பிறந்த பிள்ளை, இப்போது வாத்தியார். சொந்தமாகக் கல்வீடு கட்டியிருந்தார். எங்கள் வீட்டில் வைத்துத்தான் கடிதம் வாசிக்கப்பட்டது.

“பெரியம்மா, கண்டியில் இந்த வருத்தத்துக்கென்றே டொக்டர்மார் இருக்கிறார்கள். வீட்டில் குளியலறைக்கு ஹீட்டர் பூட்டியிருக்கிறோம். சுவிட்சைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் சுடுதண்ணீர். நீங்களும் பெரியப்பாவும் வந்துவிடுங்கள். வவுனியாவில் வந்து நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.”

அமராவதி இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். சுவிட்ச் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். “அழுத்துறதா, திருகுறதா?”

“அழுத்துறது,” என்றேன். என் ஊகம்தான்.

“ஏங்க, போவோமா?” என்று கணவரைக் கேட்டார்.

மாயாண்டி, அந்த ஹீட்டருக்குள் என்ன குழாய், செம்பா இரும்பா என்று சிவராசா எழுதியிருக்கிறாரா என்று கேட்டார். எழுதவில்லை. பிறகு அவர் எழும்பிப் போய்விட்டார்.

மூன்று நாள் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. அந்த மூன்று நாளும் அமராவதி கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு தெருப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் மாயாண்டி வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் எடுக்கும் இடத்துக்குப் போனார். நோயாளிக்கு ஒன்று, துணைக்கு ஒன்று. ஆறு கிழமை அலைந்து இரண்டையும் எடுத்தார். கண் காட்ட வவுனியாவுக்குப் போக இருந்த விமலேஸ்வரியும் அதே நாளுக்கு எடுத்துக்கொண்டார்.

புறப்படுவதற்கு முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் சுருளைக் கழற்றிப் புளித்தண்ணீர் ஊற்றிக் கழுவினார். நாளைக்குப் போகிறவர் இதை ஏன் கழுவுகிறார் என்று நான் கேட்டேன்.

“அழுக்கா விட்டுட்டுப் போக முடியுங்களா?” என்றார்.

எனக்கு அது போதுமான பதிலாகப் பட்டது. வாடகை வீட்டைக் கூட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா?

திங்கட்கிழமை விடிய, அமராவதி கையை விரித்து, கஞ்சியைத் தானே குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் புறப்பட்டார். மூன்று பேரும் பஸ்ஸில் போனார்கள். நான் தெருவரை போனேன். மாயாண்டியின் கையிலும் ஒரு பை இருந்தது. நல்ல சேட் போட்டிருந்தார்.

அதற்குப்பிறகு நடந்ததை விமலேஸ்வரி, அமராவதியை வவுனியாவில் சிவராசாவிடம் ஒப்படைத்து, கண் காட்டித் திரும்பி வந்து சொன்னார். தனியே திரும்பி வந்திருந்த மாயாண்டியிடம் நானும் இரண்டு தரம் கேட்டேன். முதல்தரம் அவர் தண்ணீர்க் கான்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாம் தரம், “விடுங்க,” என்றார். வேறு யாருக்கும் அதைவிடக் கூடுதலாகச் சொன்னதாகத் தெரியவில்லை. சிவராசாவுக்கும் எழுதவில்லை. கலவரத்தில் எரிந்த லயத்தின் நினைவு என்றார் ஒருவர். மகன் முறையானவரின் வீட்டில் சோறு தின்ன வெட்கம் என்றார் இன்னொருவர். இரண்டுக்கும் இடம் இருக்கிறது. அவர் தொடக்கத்திலேயே மறுத்திருந்தால் இவற்றில் ஒன்றை நம்பியிருக்கலாம்; பாஸ் எடுத்துக் கூடவே போனவர் அவர்.

வவுனியாப் பக்கம் போகிறவர்களை விடுகிற கடைசிச் சோதனைத் தடையில் நல்ல சனம். மத்தியானம்வரை வெயிலில் நிற்க வேண்டியிருந்தது. மாயாண்டி அமராவதிக்கு ஒரு மர நிழலைப் பிடித்துக் கொடுத்து, போத்தல் தண்ணீரைக் கவிழ்த்துக் குடிக்கவைத்தார். பையை விமலேஸ்வரியிடம் கொடுத்து, “இதுல ரெண்டு சேலையும் குளிசை வாங்கின துண்டும் இருக்கு,” என்றார். பிறகு மூவரும் வரிசையில் நின்றார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஒரு பட்டியலைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிட்டார். கூப்பிடப்பட்டவர் பாஸைக் காட்டிவிட்டு, தெருவுக்குக் குறுக்கே கட்டியிருந்த தடியைத் தாண்ட வேண்டும்.

விமலேஸ்வரியைக் கூப்பிட்டார்கள். பிறகு அமராவதியை. விமலேஸ்வரி திரும்பி வந்து அவருடைய முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு தடியைத் தாண்டினார். அமராவதி அந்தப்பக்கம் நின்று கணவருக்காகத் திரும்பினார்.

“மாயாண்டி,” என்று மேசையில் இருந்தவர் கூப்பிட்டார்.

வரிசையில் யாரும் அசையவில்லை.

“மாயாண்டி ஆர்? மாயாண்டி நிக்கிறாரோ?”

மாயாண்டி மேசைக்கு நேரே நின்றுகொண்டிருந்தார். பாஸ் சேட் பையில் இருந்தது.

“அந்தாளு வரலைங்க,” என்றார்.

மேசையில் இருந்தவர் அந்தப் பெயரை வெட்டிவிட்டு அடுத்ததைக் கூப்பிட்டார்.